மாடிக்கு அடியில் கேட்காத குரல்

என் சித்தி மகள் ஓபரா பாடி முடித்த சனிக்கிழமை மாலை, ஜார்ஜ்டவுன் மண்டபத்தின் வெளிநடையில் குந்தி உட்கார்ந்து நான் மைக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் மீகூனும் கறிபாப்பும் தேநீரும் வைத்திருந்தார்கள். அதனால் வந்த கூட்டமெல்லாம் என் தலைக்கு மேலே நின்று சாப்பிட்டுக்கொண்டே பேசியது. அவள் பாடியது நன்றாக இருந்ததா இல்லையா என்பதில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

எனக்கு வேண்டியதை மட்டும் நான் பொறுக்கிக்கொண்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று ஒருவர் சொன்னார். தலையணைக்குள் வாயை வைத்துப் பாடியது போல இருந்தது என்றார் இன்னொருவர். கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் பெரியவர், குரல் ஒரு ஸ்வரத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறதே, இதற்கா இத்தனை வருஷம் படித்தாள் என்று கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றை மனத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டேன். நல்லதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் வரிசையில் சேர்க்கவில்லை.

ஆனால் ஒரு சண்டை காதில் விழாமல் போகாது. கையில் கறிபாப்போடு நின்ற ஒருவர், "என்னா பாட்டு இது? வாய் மட்டும் தொறக்குது, சத்தமே வரல," என்றார்.

மண்டபத்தின் மாடி இருக்கைகளிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த ஒரு பெண் நின்றுவிட்டாள். "அண்ணே, தூங்கி எழுந்து வந்து பேசாதீங்க. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு, பாருங்க."

"அது ஏர்கோன் குளுரு லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்தபடி நானும் சிரித்தேன். நான் கறிபாப்காரர் கட்சி.

என் சித்தி மகள் என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். சின்ன வயதில் இருவரும் ஒரே கோயில் வகுப்பில் தேவாரம் படித்தோம். போட்டிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கு வரி மறக்காது, தாளம் தவறாது, மேடையில் கை நடுங்காது. அவள் வரியை மறப்பாள். மறந்த இடத்தில் எதையாவது இழுத்துப் பாடிவிட்டுச் சிரிப்பாள். பரிசை நான் வாங்கி வருவேன். வீட்டுக்கு வந்த பிறகும் சனங்கள் அவள் இழுத்ததைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பிறகு நான் பொறியியல் படித்து, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அவள் கோலாலம்பூரில் மேற்கத்தியப் பாட்டுப் படித்தாள். வெளிநாட்டிலும் கொஞ்ச காலம் படித்தாள். திரும்பி வந்தபோது அவளுக்கு வேலை இல்லை. கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் அந்தக் குரலுக்கு இடமில்லை. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்து நாளை ஓட்டினாள். அந்த நிலையில்தான் பினாங்கில் ஒரு சீன இசை ஆசிரியை, தமிழ் வரிகளுக்கு இசையமைத்து ஒரு சின்ன ஓபரா செய்தார். எங்கள் கலை மன்றம் அதை இரண்டு முறை மேடையேற்ற ஒப்புக்கொண்டது: சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிறு பிற்பகல் ஒன்று. நம் ஆட்கள் முன்னால் அவள் பாடுவது அதுதான் முதல் தடவை. அது சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் தங்கினாள். அடுக்குமாடி வீடு, இரண்டே அறை. என் அறை அவளுக்குப் போனது. நான் கூடத்தில் மெத்தை விரித்தேன். அம்மா அவளுக்காக மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சினார். காற்றாடி நேராக அவள் மேல் அடிக்கக் கூடாது என்று கட்டிலைத் திருப்பிப் போட்டார். பாசாரில் மீன்காரரிடம்கூட, எங்கள் வீட்டில் ஓபரா பாடுகிற பெண் வந்திருக்கிறாள் என்று சொல்லி நல்ல துண்டாக வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் ஓர் எஞ்சினியர் இருப்பது அந்த மீன்காரருக்கு இன்றுவரை தெரியாது.

வேலை முடிந்து, தீவுக்கு வரும் பாலத்து நெரிசலைக் கடந்து நான் வீட்டுக்கு வரும்போது, அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சோபாவில் படுத்திருப்பாள். குரலுக்கு ஓய்வு என்பதால் பேச மாட்டாள். பாத்திரம் கழுவுவதற்குக் குரல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மன்றத்தில் ஒலிபெருக்கி வேலை என்னுடையது. எனக்குத் தெரியும் என்பதால் கொடுத்தார்கள். ஆனால் ஓபராவுக்கு மைக் கிடையாது. இசையமைத்த ஆசிரியை முதல் ஒத்திகையிலேயே அதைச் சொல்லிவிட்டார்: குரல் தானாகவே மண்டபத்தை நிரப்ப வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி எல்லாம். ஆகவே சனிக்கிழமை என் வேலை கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரின் சிறப்புரை ஆகியவற்றோடு முடிந்தது. அவள் பாடத் தொடங்கியதும் நான் மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் பாடிய எல்லாப் போட்டிகளுக்கும் அம்மா வந்திருக்கிறார். முடிந்ததும் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பசிக்கிறதா என்று கேட்பார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஆகவே கம்பி சுருட்டியபடி கெட்ட கருத்துகளை அடுக்கிக்கொண்டிருந்ததற்கு எனக்குக் காரணம் இருந்தது.

மறுநாள் காலை மன்றத் தலைவர் எங்களை ரொட்டி சானாய் கடைக்கு வரச் சொன்னார். தலைவர், இசை ஆசிரியை, அவள், அம்மா, நான். தலைவர் நல்ல மனிதர். யாராவது குறை சொன்னால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. முதல் நாள் நிறையப் பேர் குறை சொல்லியிருந்தார்கள். பிற்பகல் காட்சிக்குப் பைராம் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையத் தொழிலாளர் குடும்பங்கள் வருகின்றன, அவர்களும் பாட்டுக் காதில் விழாமல் திரும்பிப் போனால் மன்றத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார். அவரிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, அவள் மைக் மாட்டிக்கொண்டு பாடுவது. இல்லையென்றால் ஓபராவில் ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்துக்குக் கீபோர்டில் பழைய சினிமாப் பாட்டு.

இசை ஆசிரியை தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். அவள் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் பரப்பிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வாய்க்குப் போகவில்லை.

"மைக் போட்டா நான் பாடுறது வேற ஒண்ணா ஆயிடும் அங்கிள். அதுக்கு நான் வேணாம். வேற யாரையாவது கூப்பிட்டுக்குங்க," என்றாள்.

"கோவிச்சுக்காதமா. ஒன்னோட நல்லதுக்குத்தான்."

"கோவம் இல்ல அங்கிள். பயமா இருக்கு."

அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதைக்கூட அவள் அழகாகச் சொன்னாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதான் சவுண்டு. மைக்கு போடணுமா, வேணாமா?"

பதில் தயாராக இருந்தது. போடலாம் அங்கிள். இரண்டே வார்த்தை. பெட்டியில் கன்னத்தில் ஒட்டுகிற மைக் ஒன்று இருந்தது. அதற்கு பேட்டரியும் இருந்தது. நான் சொன்னால் அது தொழில்நுட்பக் கருத்து. அதில் பொறாமை இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவால்கூட முடியாது.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. ஒரே பொருள் ஒரு சோதனை மேசையில் தேறி, இன்னொரு மேசையில் தவறினால், அதைக் கழிவுத் தட்டில் போடக் கூடாது. முதலில் மேசைகளைப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்காதவர்களைக் கண்டித்தும் இருக்கிறேன். இங்கே ஒரே குரல் கறிபாப்காரரிடம் தவறியிருக்கிறது, அம்மாவிடம் தேறியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு என்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் என் வேலையை நான் முழு மனத்தோடு வெறுத்தேன்.

"அங்கிள், நேத்து நீங்க எங்க உக்காந்து கேட்டீங்க?"

"எனக்கு எங்கம்மா உக்கார நேரம்? பின்னால வாசல்லதான் நின்னுகிட்டு இருந்தேன். டத்தோவ வழியனுப்பணும்ல."

"டத்தோ எப்ப போனாரு?"

"பேசி முடிச்சாரு, பொன்னாடை போட்டோம், போயிட்டாரு. அவருக்கு வேற டின்னர் இருந்துச்சு."

"அவரு கூட வந்தவங்க?"

"அவங்களும்தான்."

"அப்ப பாட்டு நடக்கும்போது முன்வரிசையில யாரு இருந்தா?"

தலைவர் தே தாரிக் தேநீரைக் கீழே வைத்தார். "யாரும் இல்ல," என்றார்.

நம் நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. முன்வரிசைகள் பிரமுகர்களுக்கு. நாற்காலிக்கு வெள்ளை உறை போட்டு, பெயர் எழுதிய தாளை ஒட்டி வைத்திருப்போம். பிரமுகர் தாமதமாக வருவார், மாலை வாங்குவார், பேசுவார், பரிவாரத்தோடு கிளம்பிவிடுவார். அந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். போய் உட்கார யாருக்கும் துணிச்சல் வராது. மற்றவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அந்த மண்டபத்தில் பின்பகுதி என்பது மாடிக்கு அடியில் தாழ்வான கூரையுள்ள இடம். சனிக்கிழமை கூட்டத்தில் பாதிக்கு மேல் அதற்குள்தான் அடைந்து கிடந்தது. அங்கே இடம் இல்லாமல் போனவர்கள்தான் மாடிக்குப் போனார்கள். அம்மாவும் அப்படித்தான் போனார். ஒலிபெருக்கியில் பேசும்போது இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. மைக் இல்லாத ஒரு பெண்ணை, முதல் தடவையாக, இந்த ஏற்பாட்டுக்கு நடுவில் நிறுத்தியிருந்தோம்.

கொஞ்சம் நேரம் கொடுங்கள், மண்டபத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மண்டபத்தில் ஆசிரியை பியானோவில் உட்கார்ந்தார். அவள் மேடையில் நின்றாள். கடைசிப் பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன். கதையில் அவள் படகுத்துறையில் கணவனுக்காகக் காத்திருப்பவள். அக்கரையில் எரிகிற விளக்குகளைப் பார்த்து, அதில் எது அவன் வருகிற படகு என்று கேட்கிற வரி. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முழுதாக வந்தது. நடுவில் கேட்டேன், வந்தது. மாடிக்கு அடியில் போனேன். பின்சுவரில் இருந்த பழைய ஏர்கோன் இயந்திரங்கள் இரண்டும் உறுமிக்கொண்டிருந்தன. அந்த உறுமலுக்குள் அவளுடைய மெய்யெழுத்துகள் எல்லாம் உதிர்ந்து போய், ஒரு முனகல் மட்டும் வந்து சேர்ந்தது. கறிபாப்காரர் பொய் சொல்லவில்லை. மாடிக்கு ஏறினேன். அங்கே அந்தக் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஓரத்து நாற்காலி, தூணுக்குப் பின்னால், மாடியின் கடைசிப் படி என்று ஓர் இடம் விடாமல் நின்று பார்த்தேன். ஏதாவது ஓர் இடத்தில், மண்டபத்தைக் குறை சொல்ல முடியாத இடத்தில், குரலே தவற வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் அதே வரியை அதே மாதிரி பாடினாள். ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு தளர்ச்சி இல்லை. தொழிற்சாலையில் ஒரு பொருள் இப்படி மாறாமல் அளவு காட்டினால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

தலைவரிடம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். முன்வரிசை உறைகளைக் கழற்ற வேண்டும். மாடிக்கு அடியில் யாரும் உட்காராதபடி கயிறு கட்ட வேண்டும். பாட்டு முடிகிறவரை பின்சுவர் ஏர்கோனை நிறுத்தி வைக்க வேண்டும். பேச்செல்லாம் ஓபராவுக்குப் பிறகு. மைக் வேண்டாம்.

கடைசியில் சொன்னதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். முதலில் சொன்னதுதான் அவருக்கு இடித்தது. "இன்னிக்கு வர்ற டத்தோவ எங்கம்மா உக்கார வைக்கிறது?"

வாசலில் நின்ற அம்மா, "மாடியில உக்கார வைங்க அண்ணே. எல்லாருக்கும் மேல உக்காந்த மரியாதை," என்றார்.

"படி ஏறணுமே."

"ஏறிட்டா லேசுல எறங்க மாட்டாருல."

தலைவர் சிரித்துவிட்டார். உறைகளைக் கழற்ற அவரே முன்னால் போனார்.

பிற்பகலில் பைராம் தோட்டத்துப் பஸ் வந்தது. இறங்கியவர்கள் நேராக மாடிக்கு அடியில் போகப் பார்த்தார்கள். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் முன்னால் அனுப்பினேன். சுலபமாக நடக்கவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து வர முடியாதே என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். இன்னொருவர் இது யார் நாற்காலி, யார் நாற்காலி என்று கேட்டு, கடைசியில் விளிம்பில் உட்கார்ந்தார், எப்போது எழுப்பினாலும் எழுந்துகொள்ளத் தயாராக.

எனக்கு வேலை இல்லை. ஆகவே முதல் தடவையாகச் சனங்களோடு சனமாக, நடு வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒத்திகைகளில் அந்தப் பாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. வீட்டில் யாரும் இல்லாதபோது பாடியும் பார்த்திருந்தேன். என் பாட்டில் தவறு இருக்காது. ஆனால் தவறு இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அவள் கடைசிப் பாட்டுக்கு வந்தபோது, விளக்குகளைப் பார்த்துக் கேட்கிற அந்த வரியை, காலையில் அத்தனை தடவை ஒரே மாதிரி பாடிய வரியை, வேறு மாதிரி பாடினாள். குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கினாள். கேட்பதற்கு அவளுக்கே தைரியம் இல்லாதது போல இருந்தது. தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் ஒரு குழந்தை மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தது, அதன் தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது பாட்டினாலா பொறாமையினாலா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. மண்டபத்தைக் காரணம் சொல்லவும் இனி வழியில்லை; அதை நானே சரிசெய்திருந்தேன்.

முடிந்த பிறகு நடையில் மறுபடியும் சண்டைதான். ஆனால் கேட்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. மிருதங்கப் பெரியவர் இரண்டாம் நாளும் வந்திருந்தார். முன்னால் உட்கார்ந்து கேட்டபோதும் குரல் ஆடத்தான் செய்கிறது, கடைசிப் பாட்டில் மட்டும் நின்றாள் என்று தீர்ப்புச் சொன்னார். ஆடுவதுதான் அழகு என்று ஒரு பெண் அவரோடு மல்லுக்கு நின்றாள். தோட்டத்து ஆட்களுக்குள் வேறு தகராறு. "கப்பல் வரலன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, அதுக்கு இம்புட்டு நேரம் பாடணுமா?" என்றார் ஒருவர். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க வரலன்னா நான் பாட மாட்டேன், கதவத் தாப்பா போட்டுட்டுத் தூங்கிடுவேன்."

தலைவர் அவளிடம் வந்து, அடுத்த காட்சிக்குப் பட்டர்வர்த்தில் ஒரு டேவான் மண்டபம் பார்த்திருப்பதாகவும், அங்கே மாடியே கிடையாது என்றும் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். தட்டில் இருந்த மீகூன் முழுவதையும் சாப்பிட்டாள்.

தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "நீ அந்தப் பொண்ணோட அக்காவாம்ல? நீயும் பாடுவியாம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "இல்லங்க, இவ எஞ்சினியர். இன்னிக்கு எல்லாரையும் முன்னால உக்கார வச்சது இவதான்."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தக் குரலில் பெருமை இருந்ததை என் காது தெளிவாகக் கேட்டது. இல்லங்க என்பதையும் கேட்டது.

பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டாள். பின்னால் அம்மா அந்தக் கடைசிப் பாட்டை முனகிப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்துக் கேட்கிற இடத்தில் வழி தவறி வேறெங்கோ போனார். திரும்பத் தொடங்கினார், திரும்பவும் தவறினார். சிவப்பு விளக்கில் கார் நின்றிருந்தபோது நான் அந்த வரியைச் சரியாகப் பாடிக் காட்டினேன், மெல்லிய குரலில், அவள் இறக்கிய இடத்தில் நானும் இறக்கி.

"ம், அதேதான்," என்றார் அம்மா. பிறகு, "ஏர்கோன கொஞ்சம் கொறச்சு வைம்மா. அவளுக்குத் தொண்ட கட்டிக்கும்," என்றார்.

குறைத்து வைத்தேன்.